மழையில் ஒரு தீவு வலம்: ஸரந்தீபில் இப்னு பதூதா

அரபி உரைநடைப் பாடத்தில் இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’விலிருந்து ஸரந்தீப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஸ்ரத், அட்டை பறக்குமா?” என்று கேட்டார். மூலத்தில் ‘அல்-அலக் அத்தய்யார்’, அதாவது பறக்கும் அட்டை என்றே இருக்கிறது. வகுப்பு முழுவதும் சிரித்தது. காட்பாடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதைக் கண்டவர்கள். 2021 நவம்பரில் அந்த ஆறு கரைபுரண்டு ஓடியபோது, அதைப் பார்ப்பதற்காகவே மக்கள் திரண்டனர். இத்தகைய நிலத்தில் வாழ்வோருக்கு, ஈரக் காட்டில் இலை நுனிகளில் காத்திருந்து மனிதன்மீது தாவும் உயிரினம் கட்டுக்கதையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நாம் ஓதிய காலத்தில் இலங்கையின் மலைநாட்டிலிருந்து வந்த தோழர் ஒருவர் உடன் பயின்றார். வேலூர், உமராபாத் வட்டார மதரஸாக்களுக்கு அத்தீவிலிருந்து மாணவர்கள் வருவது நீண்ட மரபு. இதே பகுதியைப் படித்து நாங்கள் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. “மழை விட்டதும் எங்கள் ஊர்க் காட்டில் கால் நாழிகை நின்று பாருங்கள், அட்டை பறப்பதாகத்தான் நீங்களும் எழுதுவீர்கள்” என்றார். அந்த விடையை நம் மாணவருக்கும் சொன்னோம். ஆனால் அக்கேள்வி மற்றொரு சிந்தனையைத் தூண்டியது. இப்னு பதூதா தீவைச் சுற்றி வந்தது எந்தப் பருவத்தில்? அதை அறிந்தால் அவரது வருணனையை எவ்வாறு படிக்க வேண்டும்? அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவமும் பயணமும்

மாலத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அங்கிருந்து மஃபர் எனப்படும் சோழமண்டலக் கரையை நோக்கிப் புறப்பட்டது ஹிஜ்ரி 745, ரபீவுல் ஆகிர் மாத நடுப்பகுதியில். அது கி.பி. 1344 ஆகஸ்ட் மாதக் கடைசி. மூன்று நாள் கடல்வழி என்று அவர் குறிப்பிடும் தூரம் ஒன்பது நாள் ஆயிற்று. வழியறிந்த மாலுமி கப்பலில் இல்லை. காற்று அவர்களை மஃபருக்குப் பதிலாக ஸரந்தீபின் மேற்குக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் ‘பத்தாலா’ என்று எழுதும் அத்துறை இன்றைய புத்தளம் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு.

ஆகவே அவரது தீவுப் பயணம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரை ஒட்டி நடந்திருக்க வேண்டும். இலங்கையின் பருவநிலையை அறிந்தோர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தீவின் தென்மேற்குப் பகுதியையும் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளையும் நனைக்கிறது. அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை இடியுடன் கொட்டுகிறது. ஈர வலயம் என்று வகுக்கப்பட்ட அப்பகுதி ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவது. புத்தளமோ 1750 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெறும் உலர் வலயத்தில் உள்ளது. உலர்ந்த கரையில் இறங்கிய பயணி, நாளுக்கு நாள் மழையின் நடுவுக்குள் நடந்திருக்கிறார்.

இன்னொரு செய்தியும் நோக்கத்தக்கது. 2243 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. எஞ்சிய மாதங்களில் காற்றும் மழையும் மேகமும் மலையை மூடியிருக்கும். இப்னு பதூதா ஏறியது யாத்திரிகர் குறைந்த, பாதை வழுக்கும் காலத்தில்.

அவர் நாட்குறிப்பு எழுதுபவர்போல் ‘இன்று மழை பெய்தது’ என்று கணக்கு வைக்கவில்லை. ரிஹ்லா நூல் மொராக்கோவின் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸய்யின் எழுதுகோல் வழியாக 1355-56ஆம் ஆண்டுகளில் உருப்பெற்றது. அதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. மலபார்க் கடலில் கொள்ளையர் அவரது உடைமைகள் அனைத்தையும் பறித்திருந்தனர். இலங்கை மன்னர் கொடுத்த மாணிக்கங்களும் அவற்றோடு போயின. எஞ்சியது நினைவு. அந்த நினைவில் மழை பெயரின்றித் தடயங்களாகப் பதிந்திருக்கிறது.

நீரின் தடயங்கள்

புத்தளக் கரையில் அவர் கண்ட முதற்காட்சியே மலையாற்று வெள்ளம் அடித்துவந்து ஒதுக்கிய கறுவா மரங்கள். அவை கரையில் குன்றுகள்போல் குவிந்து கிடந்தன என்கிறார். மஃபர், மலபார் மக்கள் அவற்றை விலையின்றி ஏற்றிச் செல்வர். ஈடாக மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகத் தருவர். வணிக வரலாற்றார் இதைக் கறுவா வணிகத்தின் சான்றாகவே எடுத்துக்காட்டுவர். ஆனால் உலர்ந்த கரையில் நின்றவருக்கு, உள்நாட்டில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை அறிவித்த முதற்செய்தியும் அதுவே.

பயணத்தின் முதல் நாளிலேயே ஓர் ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தனர். வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை என்று குறித்துக்கொள்கிறார். சிலாபம் என்று கருதப்படும் ‘பந்தர் ஸலாவாத்’ என்னும் சிற்றூரைத் தாண்டியபின் நிலம் கரடுமுரடாகவும் நீரோடைகள் நிறைந்ததாகவும் ஆகிறது. குனகார் என்னும் தலைநகரைக் கடக்கின்றனர். அது குருநாகல் என்பார் ஒரு சாரார். கம்பளை என்பார் மறுசாரார். அதன்பின் அவர் சொல்லும் தங்குமிடங்களைப் பாருங்கள்: ஏரிகள், குகைகள், மீண்டும் ஏரி, மீண்டும் குகை. உஸ்தா மஹ்மூத் லூரி குடைந்த குகை, குரங்குகளின் ஏரி, மூங்கில் ஏரி, பாபா தாஹிரின் குகை என்று அந்த வரிசை செல்கிறது. மழைநாட்டில் யாத்திரிகனுக்கு மேலே பாறை வேண்டும். முன்னோர்கள் அந்த வழியில் குகைகளை அறமாக அமைத்துச் சென்றதற்குக் காரணம் இதுவே எனலாம்.

அந்தக் குகைகளின் அருகில்தான் அட்டைகள் வருகின்றன. நீர்நிலைகளை ஒட்டிய மரங்களிலும் புற்களிலும் அவை இருக்கும்; மனிதன் நெருங்கினால் தாவிப் பற்றும்; பற்றிய இடத்தில் குருதி பெருகும். ஊரார் எலுமிச்சம்பழம் கையில் வைத்திருந்து, அதன் சாற்றைப் பிழிந்ததும் அட்டை கழன்று விழும். பிறகு மரக்கத்தியால் அவ்விடத்தைச் சுரண்டுவர். இலங்கைக் காட்டு அட்டை உண்மையில் பறப்பதில்லை. இலைநுனியில் உடலை நீட்டி நின்று, கடந்து செல்பவரைப் பற்றிக்கொள்கிறது. வறண்ட நாளில் சருகடியில் ஒளிந்து, ஈரம் பட்டதும் எழுந்து வரும் இயல்புடையது. அட்டைகளின் இத்தொல்லை, அவர் நனைந்த காட்டினூடே நடந்தார் என்பதற்குத் தக்க சான்று. 1681இல் தம் நூலை வெளியிட்ட ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸும் மழைக்காலத்து அட்டைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

மொழி ஆய்வுக்கும் இங்கே இடமுண்டு. அந்த அட்டையை அவ்விடத்தார் ‘ஸுலூ’ என்பர் என்கிறார் இப்னு பதூதா. அது தமிழன்று, சிங்களமும் அன்று. பாரசீகத்தில் அட்டைக்கு ‘ஸாலூ’ என்று பெயர். மலைக்கு ஏறும் இரு வழிகளின் பெயர்களான ‘பாபா’, ‘மாமா’ என்பவையும் தந்தை, தாய் எனப் பொருள்படும் பாரசீகச் சொற்களாகவே தோன்றுகின்றன. ஷீராஸைச் சேர்ந்த ஷைகு உஸ்மான், லூரிஸ்தானைச் சேர்ந்த மஹ்மூத், பாபா தாஹிர் என வழிநெடுகிலும் ஈரானியப் பெயர்கள். புத்தளத்து மன்னரோடும் அவர் பாரசீகத்தில்தான் உரையாடினார். ஈரானிய யாத்திரிகர்கள் பல தலைமுறைகளாக நடந்து பழகிய பாதை அது. அதன் பேச்சுமொழி அங்கே நிலைத்திருந்தது.

மலை உச்சியிலும் மழையின் சாயல் உண்டு. ஏறியபோது மேகங்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்தன என்கிறார். பாபா வழி செங்குத்தானது. பாறையில் படி வெட்டி, இரும்பு முளைகள் அடித்து, பத்துச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். பத்தாவது சங்கிலிக்கு ‘ஷஹாதாச் சங்கிலி’ என்று பெயர். அங்கு நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமா ஷஹாதாவை மொழிவாராம். ஈரப்பாறையில் நனைந்த சங்கிலியைப் பிடித்து ஏறியவரின் மனநிலையை அப்பெயரே உணர்த்துகிறது. கிள்ரு (அலை) பெயரால் வழங்கிய குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதச்சுவட்டைக் கண்டு, மாமா வழியே இறங்கினர்.

அவர் சொல்வன அனைத்தையும் ஆராயாது ஏற்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஒன்பது நாள் கடற்பயணத் தொலைவிலிருந்தே மலை தெரிந்ததாக எழுதுகிறார். அவ்வளவு உயரமுள்ள மலை கடல்மட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டருக்கு அப்பால் புலப்படாது. அதுபோலவே, ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடத்தைத் திருக்குர்ஆன் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஸரந்தீப் என்னும் செய்தி வரலாற்றாசிரியர்களும் விரிவுரையாளர்களும் எடுத்தெழுதிய அறிவிப்புகளைச் சார்ந்தது. பௌத்தர் அதே சுவட்டைப் புத்தரின் பாதம் என்பர். சைவர் சிவனொளிபாதம் என்பர். நம் பெரியோர் பாவா ஆதம் மலை என்றனர். மிகைக் கூற்றை மிகையென்றும், கண்ணால் கண்டதைச் சாட்சியமென்றும் பிரித்தறிவதே வரலாற்று மாணவனின் கடமை. அட்டையும் தெப்பமும் மேகமும் அவர் கண்ணால் கண்டவை.

வழித்துணை

மழைக்காலப் பயணியின் உயிர் வழியில் உள்ளவர்களின் கையில் இருக்கிறது. தெப்பம் கட்டுபவர், குகையைக் காட்டுபவர், எலுமிச்சை தருபவர், நனைந்தவனை வீட்டுக்குள் அழைப்பவர் இல்லாமல் ஒருநாளும் கழியாது. இப்னு பதூதாவுக்கு அவ்வாறு துணை நின்றவர்கள் யார்?

கப்பல் கரையை நெருங்கியபோது மாலுமிகள் இறங்க அஞ்சினர். அத்துறை ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் உள்ளது. அவர் கொடியவர், அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையிடும் என்றனர். தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொல்லி இப்னு பதூதா இறங்கினார். யாழ்ப்பாணத்தை ஆண்ட அந்த அரசமரபின் மன்னரோ அவரை மூன்று நாள் விருந்தாளியாக வைத்துக்கொண்டார். ‘நான் இத்தீவுக்கு வந்ததன் நோக்கம் ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதே’ என்ற கருத்தில் அவர் கூறியதும், மன்னர் பல்லக்கும் அதைச் சுமப்போரும் தந்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசவையைச் சேர்ந்த பத்துப் பேர், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேர் உடன் சென்றனர். மக்ரிபிலிருந்து வந்த மாலிகி மத்ஹபு அறிஞர் ஒருவர், யோகிகளின் வழிகாட்டலில், சைவ மன்னரின் பல்லக்கில், பௌத்தர் போற்றும் மலைக்கு, ஆதி பிதாவின் சுவட்டைக் காணச் சென்றார்.

எனினும் அந்த இணக்கம் என்றும் இருந்ததன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. முன்காலத்தில் அந்நாட்டார் முஸ்லிம்களைத் தடுத்தனர், துன்புறுத்தினர், உடனுண்ணவும் வணிகம் செய்யவும் மறுத்தனர் என்கிறார். ஷீராஸின் ஷைகு அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் (ரஹ்) அவர்களோடு தொடர்புடைய நிகழ்ச்சிக்குப் பிறகே அந்நிலை மாறியதாம். ஹிஜ்ரி 371இல் மறைந்த அப்பெரியாரின் தோழர்கள், பசி பொறுக்காமல், அவர் தடுத்தும் கேளாது யானைக்கன்று ஒன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து, முகர்ந்து பார்த்துத் தின்றவர்களைக் கொன்றன. ஷைகை மட்டும் ஒரு யானை தும்பிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மக்கள் வாழும் இடத்தில் இறக்கிவிட்டது. அன்றுமுதல் அந்நாட்டார் முஸ்லிம்களை வீட்டுக்குள் அழைத்தனர், உடனுண்டனர், தம் குடும்பத்தாரிடையே ஐயமின்றிப் பழகவிட்டனர். இது வரலாறா, மக்கள் வழக்கில் வளர்ந்த கதையா என்பது ஒருபுறம் இருக்க, அதன் உட்பொருள் தெளிவு. அந்நிய நிலத்தின் உயிர்களுக்கும் வழக்கத்துக்கும் மதிப்பளித்தவர் வழியாகவே அந்தப் பாதை திறந்தது என்று அம்மக்கள் நம்பினர்.

குனகாரில் பள்ளிவாசல் கொண்டிருந்த ஷைகு உஸ்மானின் செய்தி இதன் மறுபக்கம். அவர் பசுவைக் கொன்றதற்காக நாட்டுச் சட்டப்படி கொல்லப்பட வேண்டியவர். மக்கள் அவர்மீது வைத்திருந்த மதிப்பால் உயிர் தப்பி, கையும் காலும் வெட்டப்பட்டன. பிறகு ஒரு சந்தையின் வருவாய் அவருக்கு மானியமாக்கப்பட்டது. மலைக்கு வழிகாட்டும் பணியை அவருடைய மக்களும் அடிமைகளும் தொடர்ந்தனர். மன்னரும் மக்களும் அவரது அடக்கத்தலத்தைப் போற்றி வந்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். அந்நாளைய வாழ்வு காயமற்றதாக இருக்கவில்லை. ஆனால் காயத்துக்குப் பின்னும் வழி அடைபடவில்லை.

மலையிறங்கி தெற்கே ‘தீனவர்’ நகரை அடைந்தார். தெவிநுவரை என இன்று வழங்கும் அவ்வூரின் பெருங்கோவிலையும், அதில் பணி செய்த ஆயிரம் பிராமணர், யோகியரையும் குறிப்பிடுகிறார். காலியில் கப்பல் தலைவர் இப்ராஹீம் விருந்தளித்தார். தீவின் மிகப்பெரிய நகரமாக அவர் கண்ட கொழும்பில் ‘கடலின் அதிபதி’ ஜாலஸ்தி ஐந்நூறு ஹபஷிகளோடு இருந்தார். மூன்று நாளில் மீண்டும் புத்தளம். தீவின் தென்மேற்குப் பாதியை அவர் இவ்வாறு வலம் வந்து முடித்தார்.

அவர் சென்ற 65 ஆண்டுகளுக்குப் பின், 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்றைச் சீன முஸ்லிம் கடற்தளபதி செங் ஹே இத்தீவில் நிறுவினார். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனமொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தெவிநுவரைக் கோவிலின் தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. இப்னு பதூதா சொன்ன பல்சமயப் பாதைக்கு இதைவிட உறுதியான கற்சான்று வேண்டுவதில்லை. அக்கோவிலை 1588இல் போர்த்துக்கீசியர் இடித்தனர்.

கரை கடந்தபின்

திரும்பும் பயணத்திலும் வானிலை விடவில்லை. மஃபர் நோக்கிச் சென்ற கப்பலைப் பெருங்காற்று பிடித்தது. இம்முறையும் வழியறிந்த மாலுமி இல்லை. கப்பல் ஆழமற்ற இடத்தில் தரைதட்ட, பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். தெப்பத்தில் இடம் போதாதபோது தம்முடன் வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் படகில் வந்து அவரை மீட்டவர்கள் முஸ்லிமல்லாத கரையோர மக்கள்.

பிறகு மஃபர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் ஆட்கள் பல்லக்குடன் வந்தனர். வழியில் ‘ஹர்காத்து’ என்னும் கோட்டையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் சுல்தானின் பாசறையை அடைந்தார். அந்த ஹர்காத்து நம் ஆற்காடே என்று கருதியவர்கள் உண்டு. காட்பாடியில் அமர்ந்து எழுதும் நமக்கு அதை ஏற்க ஆசைதான். ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இடத்தை முடிவுசெய்தல் தகாது, ஆசை சான்றாகாது.

அப்பாசறையில் அவர் கண்டது ஸரந்தீபில் கண்டதற்கு நேர்மாறானது. காட்டில் பிடிபட்ட கைதிகளை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, சுல்தான் கொல்வித்தார். சுல்தான் இவருக்குத் தன்மதத்தவர், மனைவி வழியில் உறவினர், புகலிடம் தந்தவர். இருந்தும் இப்னு பதூதா அக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்து, வேறெந்த மன்னரிடமும் தாம் காணாத இழிசெயல் என்று பதிவு செய்தார். ஒருமுறை சுல்தானின் முன்னிலையில் தண்டனை தொடங்கியபோது அஸர் தொழச் செல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

இங்கேதான் ரிஹ்லாவின் ஸரந்தீப் பகுதிக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. அவர் சமய உணர்வு குன்றியவர் அல்லர். பிறர் வழிபாட்டை ஏற்றவரும் அல்லர். ஆனால் சாட்சியம் என்று வந்தபோது, பல்லக்குத் தந்த மன்னரின் நன்மையையும் உறவினரான சுல்தானின் தீமையையும் ஒரே தராசில் நிறுத்தார். பகைமை நீதியைக் கெடுத்துவிடக்கூடாது என்றும், உறவினருக்கு எதிராயினும் உண்மையே சொல்ல வேண்டும் என்றும் பணிக்கும் மார்க்கத்தின் கல்வி அவரிடம் வெளிப்பட்ட இடம் இது.

இதை இன்று எழுத வேண்டிய தேவையும் இருக்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் பொருளும் இழந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் வந்து சேர்ந்த இடம், ஆரியச் சக்கரவர்த்தி ஒரு முஸ்லிம் பயணியை வரவேற்ற அதே புத்தளம். அதுவும் மழைமாதம். புத்தளத்து மக்கள் அவர்களுக்குத் தம் ஊரில் இடம் தந்தனர். பின்னர் 2014இல் அளுத்கமையிலும், 2018இல் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 2019 ஈஸ்டர் நாளில் முஸ்லிம் பெயர் தாங்கிய சிலர் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்ததையும் அதே நேர்மையோடு சொல்லவேண்டும். இப்னு பதூதாவின் தராசு இரு பக்கத்துக்கும் ஒன்றே.

இத்தீவின் கடந்தகாலம் முழுவதும் பகைமையே என்று எத்தரப்பினர் சொன்னாலும், யோகிகளோடு மழையில் நடந்த அந்த மக்ரிபியின் ஏடு அதை மறுக்கிறது. முழுவதும் இனிமையே என்று சொல்வோரையும் ஷைகு உஸ்மானின் வெட்டுண்ட கை மறுக்கிறது. அந்த ஏடு காட்டுவது ஒரு பாதையை. குகை குடைந்தவர் ஒருவர், சங்கிலி பூட்டியவர் மற்றொருவர், வழிகாட்டியவர் இன்னொருவர். அவர்களுள் எவர் எந்தச் சமயத்தவர் என்று சங்கிலியைப் பிடித்தவன் கேட்டிருக்க மாட்டான்.

நம் மாணவரின் கேள்விக்கு அன்று சுருக்கமாகவே விடை சொல்ல நேர்ந்தது. அட்டை பறப்பதில்லை. ஆனால் அதைக் கழற்ற எலுமிச்சையை நீட்டிய கை உண்மை. அந்தக் கையை மறவாமல் எழுதி வைத்ததே ரிஹ்லாவின் அமானிதம்.

வல்லாஹு அஃலம்.